ரோண்டா காபி குடிக்கப் போனபோது

டேப்பை எந்தப் பக்கம் ஒட்டுவது என்று மட்டும் என்னிடம் கேட்காதீர்கள். அழுதுவிடுவேன்.

மயக்கம் கொடுத்த ஆளின் தொண்டைக்குள் சுவாசக் குழாய் போட்ட பிறகு, அது நழுவாமலிருக்க வாயோரமாக டேப் ஒட்ட வேண்டும். விஷயம் அவ்வளவுதான். ரோண்டாவுக்கு இடப்பக்கம் ஒட்ட வேண்டும். கர்ட்டுக்கு வலப்பக்கம். இன்னொருவருக்கு மேலுதட்டில் மட்டும், மீசை இருந்தால் அதுவும் கூடாது. அவரவர் வழிதான் உலகத்திலேயே சரியான வழி, மற்றதெல்லாம் ஆளைக் கொல்லும் வழி. மயக்க மருந்து செவிலியர் படிப்பில் சேர்ந்தவர்களுக்குத் தினம் ஒரு பயிற்றுநர். நேற்று எதற்காகப் பாராட்டு வாங்கினோமோ, இன்று அதையே செய்தால் திட்டு விழும்.

நான் இதற்கு முன் ஆறு வருடம் தீவிர சிகிச்சைப் பிரிவில் நர்ஸாக இருந்தவள். அங்கே டாக்டர்களே "கோரா, நீ என்ன நினைக்கிற?" என்று கேட்பார்கள். அந்த வேலையை விட்டுவிட்டு, முப்பத்தொரு வயதில் மறுபடி மாணவியாக வந்து நிற்கிறேன். வந்த முதல் வாரமே ஒருத்தர், "ஊசி போடத் தெரியுமா கண்ணு?" என்று கேட்டார். அவர்தான் ரோண்டா.

ரோண்டாவுக்கு எல்லோரும் கண்ணுதான். தலைமை அறுவை மருத்துவரும் கண்ணு, தரை துடைப்பவரும் கண்ணு. முதுகில் கத்தியைச் செருகும்போதும் "கொஞ்சம் தள்ளு கண்ணு" என்றுதான் செருகுவார். அறுபதை நெருங்குகிறார். வேலை சுத்தம் என்றால் அப்படி ஒரு சுத்தம். அவருக்கு ஒரு பெருமை உண்டு: கடைசித் தையலின்மேல் பிளாஸ்திரி ஒட்டும்போது நோயாளி கண்ணைத் திறந்து தன் மனைவி பேரைச் சொல்லவேண்டும். முப்பது வருடமாக அப்படித்தான் எழுப்புகிறாராம். ஒரு நிமிடம் பிந்தினாலும் அன்றைக்கு முழுக்க முகம் தொங்கிப்போய்விடும்.

கர்ட் வேறு ரகம். "உனக்கு என்ன தோணுது?" என்பார். நமக்குத் தோன்றியதைச் சொன்னால், "அதெல்லாம் தப்பு" என்பார்.

இந்த இருவரும்தான் என் தலையில் கல்லைப் போட்டார்கள். பிப்ரவரி தொடக்கத்தில், எங்கள் பயிற்சிக்குப் பொறுப்பான ஐவி என்னைத் தன் அறைக்குக் கூப்பிட்டார். மேசைமேல் பாதி தின்ற பெப்பரோனி உருண்டை ஒன்று, உள்ளே இறைச்சி வைத்துச் சுட்ட ரொட்டி, இருந்தது. அதைப் பார்த்துக்கொண்டேதான் பேசினார். என் முகத்தைப் பார்க்கவில்லை.

"ரோண்டா உன்னைப் பத்திப் புகார் குடுத்திருக்காங்க. சொன்ன பேச்சக் கேக்க மாட்டேங்கறியாம்."

"கர்ட்?"

"கர்ட்டும்தான். நீ எதுக்கெடுத்தாலும் அடுத்தவங்க வாயையே பாக்கறியாம். சொந்தமா ஒண்ணும் செய்ய மாட்டேங்கறியாம்."

"ஐவி, இது ரெண்டும் ஒண்ணுக்கொண்ணு நேர்மாறா இல்ல?"

"நானும் பாத்தேன். ஆனா ரெண்டும் புகார்தானே கோரா? மூணாவது ஒண்ணு வந்துச்சுன்னா என்னால ஒண்ணும் பண்ண முடியாது. படிப்ப விட்டுட்டு வீட்டுக்குப் போக வேண்டியதுதான்."

அப்போது எனக்கு வந்த கோபத்தில் அந்தப் பெப்பரோனி உருண்டையை எடுத்து நானே தின்றிருப்பேன். "சரிங்க" என்று சொல்லிவிட்டு வந்தேன். இந்தப் படிப்பில் முதலில் கற்றுக்கொள்வது அந்த ஒரு சொல்தான்.

அதற்கடுத்த வாரம் ஒரு நாள், காலையில் பனி விடாமல் கொட்டியது. இருட்டு விலகும் முன்பே நான் ஆபரேஷன் தியேட்டருக்கு வந்து, கர்ட்டுக்காக எல்லாவற்றையும் எடுத்துவைத்தேன். முந்தின நாள் அறிவிப்புப் பலகையில் என் பேருக்கு நேராக அவர் பேர்தான் இருந்தது. சளி உறிஞ்சும் குழாய் தலையணைக்கு வலப்பக்கம். ஊசிகள் அளவு வரிசையில். டேப் வலப்பக்கத்துக்கு வெட்டி ஒட்டியாயிற்று. கொஞ்சம் நிமிர்ந்தபோது டாரெல் கதவில் தலையை நீட்டினான். டாரெல் என்னோடு படிப்பவன். நல்லவன்தான், ஆனால் கெட்ட செய்தி என்றால் அவனுக்கு முகமெல்லாம் பல்.

"கோரா, போர்ட பாத்தியா?"

"பாக்கல. எதுக்கு?"

"மாத்திட்டாங்கடி. உனக்கு இன்னிக்கு ரோண்டா."

"டேய், விளையாடாத."

"சத்தியமா. எனக்குத்தான் கர்ட். உனக்காக ஜெபம் பண்றேன்."

"அதெல்லாம் வேணாம். வந்து இந்த டேப்பப் பிடி."

எல்லாவற்றையும் திருப்பி வைத்தேன். உறிஞ்சு குழாய் இடப்பக்கம் போயிற்று. ஊசிகளை அளவு வரிசையிலிருந்து பிரித்து, போடும் வரிசையில் அடுக்கினேன். ரோண்டாவுக்கு இயந்திரத்தின் அலாரம் சத்தம் பிடிக்காது, கர்ட்டுக்கு அது கேட்டாக வேண்டும். அதையும் குறைத்தேன். ஒரு மனிதரின் உயிர் என் கையில் இருக்கப்போகும் நாளில், நான் காலை முழுக்க இன்னொருவரின் விருப்புவெறுப்பைத்தான் ஒத்திகை பார்த்துக்கொண்டிருந்தேன். இதைச் சொல்லும்போதே பற்றிக்கொண்டு வருகிறது.

முதல் நோயாளி வால்ட்டர் சிமன்ஸ்கி. எழுபதைத் தாண்டியவர். ரயில் எஞ்சின் ஆலையில் வெல்டராக இருந்து ஓய்வு பெற்றவர். இரண்டு பக்கமும் குடலிறக்கம். வயிற்றில் சின்னத் துளைகள் போட்டு உள்ளே வலை வைக்கும் அறுவை. கையைப் பிடித்து ஊசிக்கு நரம்பு தேடியபோது, "காலையிலேருந்து ஒரு வாய் காபி குடுக்கல. இது ஆஸ்பத்திரியா, ஜெயிலா?" என்றார்.

"ஜெயில்ல குடுப்பாங்க" என்றேன்.

அவர் சிரித்தார். அந்தச் சிரிப்போடேயே தூங்க வைத்தோம். குழாய் ஒரே முயற்சியில் போயிற்று. டேப் இடப்பக்கம். ரோண்டா ஒன்றும் சொல்லவில்லை. ரோண்டா ஒன்றும் சொல்லாவிட்டால் அது பாராட்டு.

அறுவை பாதியைத் தாண்டியபோது ரோண்டாவின் காபி நேரம் வந்தது. எங்கள் வேலையில் நோயாளியைத் தனியே விட்டுவிட்டு யாரும் நகரக்கூடாது. அதனால் ஒருவர் காபிக்குப் போனால் இன்னொருவர் வந்து அவர் இடத்தில் நிற்பார். போகிறவர் வருகிறவரிடம் எல்லாவற்றையும் வாயால் சொல்லிவிட்டுத்தான் போகவேண்டும்: என்ன மருந்து, எவ்வளவு, எப்போது, அடுத்து என்ன. கம்ப்யூட்டரில் பதிந்திருந்தாலும் வாயால் சொல்லியாக வேண்டும். அது எங்கள் சட்டம். மாணவர்களுக்கு மட்டும் காபி நேரம் கிடையாது, நாங்கள் அங்கேயே நிற்க வேண்டும்.

ரோண்டாவை விடுவிக்க அன்று வந்தவர் கர்ட்.

இந்த இருவரும் பேசி இரண்டு வருடமாகிறது. மான் வேட்டை தொடங்கும் நாளுக்கு ரோண்டா வருடா வருடம் விடுப்பு எடுப்பார், குடும்பத்தோடு காட்டுக்குப் போவார். ஒரு வருடம் கர்ட் முந்திக்கொண்டு அந்த நாளை வாங்கிவிட்டார். போய் ஒரு பெரிய ஆண் மானை வேறு சுட்டுவிட்டு, அதன் படத்தைச் சாப்பாட்டு அறையில் ஒட்டிவைத்தார். அன்றோடு பேச்சு நின்றது. இங்கே ஆட்கள் விவாகரத்தைக்கூட மன்னிப்பார்கள், மான் நாளை மன்னிக்க மாட்டார்கள்.

ரோண்டா என்னைப் பார்த்துச் சொன்னார்: "அவர்கிட்ட சொல்லு கண்ணு, பிரஷர் நல்லா இருக்கு. தசை தளர்ற மருந்து இனி வேண்டாம், முடியப் போகுதுன்னு."

கர்ட் ஓரடி தள்ளித்தான் நின்றிருந்தார். அவரும் என்னைப் பார்த்து, "அவங்ககிட்ட சொல்லு, எனக்கும் கண்ணு காது எல்லாம் இருக்குன்னு" என்றார்.

நான் இருவருக்கும் நடுவே நின்று யாரிடமும் எதுவும் சொல்லவில்லை. ரோண்டா போனார்.

அவர் கதவைத் தாண்டுவதற்குள் கர்ட் வேலையைத் தொடங்கிவிட்டார். "யாரு இந்தப் பக்கம் டேப் ஒட்டினது?" என்று கேட்டுவிட்டு, பதிலுக்குக் காத்திருக்காமல் உரித்து வலப்பக்கம் ஒட்டினார். அலாரத்தை ஏற்றினார். போர்வையை மாற்றிப் போர்த்தினார். மயங்கிக் கிடக்கிற மனிதரை, வாடகை வீட்டுக்குள் புதிதாக வந்தவர் அலமாரியைத் திருப்பி வைப்பதுபோல், இழுத்துத் திருப்பிக்கொண்டிருந்தார்.

அப்போது அறுவை மருத்துவர் பாட்டுச் சத்தத்துக்கு மேலே குரல் கொடுத்தார்: "வயிறு இறுகுது. கொஞ்சம் தளர்த்தி விடுங்கப்பா."

கர்ட் ஊசியை எடுத்தார்.

"கர்ட், முடியற நேரமாச்சு. இனி குடுக்க வேண்டாம்னு ரோண்டா…"

"ரோண்டா காபி குடிக்கிறாங்க. இப்ப இந்த ஆளு என் பொறுப்பு. உனக்கு என்ன தோணுது, வயிறு இறுக்கமா இருந்தா அவரு எப்படித் தைப்பாரு?"

"கொஞ்சமா குடுத்தா…"

"அதெல்லாம் தப்பு" என்று முப்பது மில்லிகிராமையும் ஏற்றினார். "பதிஞ்சுடு. அவங்க வந்ததும் சொல்லிடு."

பதிந்தேன். ரோண்டா உள்ளே வந்ததும் கர்ட் வாயே திறக்காமல் வெளியே போனார். வாயால் சொல்ல வேண்டிய ஆள் போய்விட்டார், சொல்லும் வேலை என் தலையில் விழுந்தது.

"ரோண்டா, கர்ட் தசை மருந்து குடுத்திருக்கார். முப்பது."

ரோண்டாவின் கண் அதற்குள் டேப்பின்மேல் விழுந்துவிட்டது. "யாரு இத மாத்தினது? ஐயோ, ஐயோ, உதட்ட எப்படி இழுத்து வச்சிருக்கான் பாரு!" என்று டேப்பை உரிக்கத் தொடங்கினார். நான் இன்னொரு முறை சொன்னேன். கத்தரிக்கோல் கேட்டார். பாட்டு ஓடிக்கொண்டிருந்தது, பஞ்சுகளை எண்ணுகிற நர்ஸ் சத்தமாக எண்ணிக்கொண்டிருந்தாள். "ம், ம்" என்றார் ரோண்டா. அந்த 'ம்' எனக்கா, டேப்புக்கா என்று எனக்குத் தெரியவில்லை. கையைப் பிடித்து உலுக்கிச் சொல்லியிருக்கலாம். சொன்ன பேச்சைக் கேட்காதவள் என்று பேர் வாங்கியவள் எந்தத் தைரியத்தில் உலுக்குவது?

மருத்துவர் எதிர்பார்த்ததைவிடச் சீக்கிரம் முடித்துவிட்டார். "தையல் போடறேன்" என்றதுமே ரோண்டாவுக்கு உற்சாகம் வந்துவிட்டது. மயக்க வாயுவை அடைத்தார். தளர்ந்த தசையை மீட்கும் முறிமருந்தைக் கொஞ்சமாக ஏற்றினார். கர்ட் கொடுத்ததைக் கணக்கில் சேர்த்திருந்தால் அதைப்போல் இரண்டு பங்கு கொடுத்திருக்க வேண்டும்.

எங்களிடம் ஒரு சின்னக் கருவி உண்டு. மணிக்கட்டு நரம்பில் லேசாக மின்சாரம் விட்டால் கட்டைவிரல் நான்கு முறை துடிக்க வேண்டும். நான்கும் ஒரே பலத்தோடு துடித்தால்தான் தசைகள் திரும்பிவிட்டன என்று அர்த்தம். வைத்துப் பார்த்தேன். ஒரு துடிப்பு வந்தது. அதுவும் சாகப்போகிற துடிப்பு. இரண்டாவது வந்ததா, என் ஆசையா என்று தெரியவில்லை.

"ரோண்டா, விரல் சரியா துடிக்கல."

"அந்தப் பொம்மையத் தூக்கி அந்தப் பக்கம் வை கண்ணு. ஆளப் பாரு. நாடி ஏறுது, பிரஷர் ஏறுது. முழிச்சிட்டார். டியூப எடு."

நாடி ஏறியது உண்மைதான். நூற்று முப்பதைத் தாண்டியது. நெற்றியெல்லாம் வேர்வை. மூடின இமையோரத்தில் ஈரம் கசிந்தது. நெஞ்சு, கரையில் போட்ட மீனைப்போல, துண்டு துண்டாகத் தூக்கிப் போட்டது. அவர் விழித்துவிட்டார் என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை. விழித்துக்கொண்டார், ஆனால் அசைய முடியவில்லை. மூச்சு இழுக்கவும் முடியவில்லை. குழாய் வழியாக இயந்திரம் கொடுப்பதுதான் அவருக்கு மூச்சு. அதையும் எடுக்கச் சொல்கிறார்கள்.

"டியூப எடுன்னு சொன்னேன்."

"எடுக்க மாட்டேன்."

அந்த அறையில் மாணவி ஒருத்தி அப்படிச் சொல்லி யாரும் கேட்டிருக்க மாட்டார்கள். மருத்துவரின் கை தையலிலேயே நின்றது. பாட்டு மட்டும் ஓடிக்கொண்டிருந்தது.

"என்ன சொன்ன?"

"கர்ட் தசை மருந்து குடுத்துட்டார்னு வந்ததுமே சொன்னேன் ரோண்டா. அது இன்னும் உள்ள இருக்கு. இவரால மூச்சு விட முடியாது."

"அந்தாளு பேர என் அறையில எடுக்காத!" ரோண்டாவின் குரல் கிறீச்சென்று வந்தது. "நகரு. நானே எடுக்கறேன்."

அவர் கை குழாய்க்கு வந்தது. நான் என் கையால் குழாயை மூடிக்கொண்டேன். இதுதான் மூன்றாவது புகார் என்று எனக்குத் தெரியும். ஆறு வருட வேலை, இரண்டு வருடப் படிப்பு, எல்லாம் என் கைக்கும் அவர் கைக்கும் நடுவே கிடந்தது. ஆனாலும் கையை எடுக்கவில்லை. குனிந்து சிமன்ஸ்கியின் காதோரம் சொன்னேன்: "ஆபரேஷன் முடிஞ்சிருச்சு. உங்க உடம்பு இன்னும் மருந்துல இருக்கு, அதான் அசைய முடியல. உங்களுக்கு மூச்சு நாங்க குடுக்கறோம். பயப்படாதீங்க. நான் இங்கயேதான் இருக்கேன்."

ரோண்டா சுவரிலிருந்த இண்டர்காமை அமுக்கினார். "ஐவி, உடனே வா. வந்து இந்தப் பொண்ண என் அறையிலிருந்து கூட்டிட்டுப் போ."

ஐவி வந்தார். என்னைப் பார்க்கவில்லை, ரோண்டாவையும் பார்க்கவில்லை. நேராகக் கருவியை எடுத்துச் சிமன்ஸ்கியின் மணிக்கட்டில் வைத்தார். ஒரு துடிப்பு. "முறிமருந்து இன்னொரு பங்கு குடு" என்று என்னிடம் சொன்னார். கொடுத்தேன். சற்று நேரத்தில் கட்டைவிரல் நான்கு முறை உதைத்தது. சிமன்ஸ்கி கண்ணைத் திறந்து, கையைத் தூக்கி, காற்றில் எதையோ பிடிக்கப் பார்த்தார். அப்போது குழாயை எடுத்தேன்.

எல்லாம் நல்லபடியாக முடிந்தது என்று நினைத்தேன். என்ன புத்தியோ எனக்கு!

தாழ்வாரத்தில் ஐவி எங்கள் மூவரையும் நிறுத்தி விசாரித்தார். கர்ட்டை டாரெலின் அறையிலிருந்து வரவழைத்திருந்தார்.

"டியூப எடுக்காம விட்டது சரி. அதப் பத்தி எனக்குக் கேள்வியில்ல. கேள்வி வேற. கடைசியா போன மருந்து ரோண்டாவுக்கு ஏன் தெரியல?"

"நான் இவகிட்ட சொல்லிட்டுத்தான் போனேன்" என்றார் கர்ட்.

"எங்கிட்ட யாரும் சொல்லல" என்றார் ரோண்டா.

"வந்ததுமே சொன்னேன். ரெண்டு தடவ. அப்புறம் டியூப எடுக்கச் சொன்னப்பவும் சொன்னேன்."

"நீ அந்தப் பொம்மையப் பத்தித்தான் பேசிட்டிருந்த கண்ணு. மருந்துன்னு ஒரு வார்த்தை சொல்லல."

அவர் பொய் சொல்லவில்லை. அதுதான் கொடுமை. அவர் காதில் உண்மையிலேயே விழவில்லை. பொய் சொல்கிறவரோடு சண்டையாவது போடலாம். மருத்துவரைக் கேட்டார்கள், அவருக்குப் பாட்டும் தையலும்தான் நினைவிருந்தது. நர்ஸைக் கேட்டார்கள், "பஞ்சு எண்ணிட்டிருந்தேன், அப்புறம் எல்லாரும் கத்தினீங்க, ஒண்ணும் புரியல" என்றாள்.

"கம்ப்யூட்டர்ல பதிஞ்சிருக்கேன் ஐவி."

"பாத்தேன். பதியறது வேற கோரா. வாயால சொல்லணும்ங்கறதுதான் சட்டம், அது உனக்கும் தெரியும். சொல்ல வேண்டியத சொல்லாம விட்டா ஆளு செத்துப்போவான். இன்னிக்கு அதான் நடக்க இருந்துச்சு. நீ சொல்லலன்னு ரோண்டா எழுதிக் குடுத்தா, அதோட முடிஞ்சுது. என் கையில ஒண்ணுமில்ல."

"சொல்ல வேண்டியது கர்ட்தானே? அவங்க ரெண்டு பேரும் பேசிக்க மாட்டாங்கன்னா நான் என்ன, இவங்களுக்குத் தபால்காரியா?"

இதைக் கத்தித்தான் சொன்னேன். தள்ளுவண்டி தள்ளிக்கொண்டு போனவர் திரும்பிப் பார்த்தார். கர்ட் தன் செருப்பைப் பார்த்தார். ரோண்டா, "பாத்தியா, இப்படித்தான் பேசுவா" என்று ஐவியிடம் சொன்னார். நான் அழக்கூடாது என்று பல்லைக் கடித்துக்கொண்டேன். அழுதால் அதற்கும் ஒரு புகார் வரும்.

ஐவி பெருமூச்சு விட்டார். "முதல்ல அந்த ஆளப் போய்ப் பாக்கணும். அவருக்கு எதாவது ஞாபகம் இருக்கான்னு கேக்கணும். வாங்க, மூணு பேரும்."

அறுவை முடிந்தவர்களை வைத்திருக்கும் போஸ்ட் ஆப் வார்டில் சிமன்ஸ்கி சாய்ந்து உட்கார்ந்திருந்தார். வாயில் பனிக்கட்டித் துண்டு. முகம் வெளுத்திருந்தது. காலையில் ஜெயிலா என்று கேட்டவரின் முகம் அல்ல அது. நாங்கள் பக்கத்தில் போனதும், "எழுந்ததுல எதாவது சிரமம் இருந்துச்சா மிஸ்டர் சிமன்ஸ்கி?" என்று ஐவி கேட்டார். வழக்கமாகக் கேட்கும் கேள்விதான்.

அவர் என்னைப் பார்த்தார். "நீ பேசு" என்றார். தொண்டை கரகரத்தது. "எதாவது பேசும்மா."

"என்ன பேச?"

"நீதான்" என்று என் விரலைப் பிடித்துக்கொண்டார். "காதுகிட்ட வந்து சொன்னது நீதான். அந்தக் குரல்தான்."

ஐவி கட்டிலுக்கு இன்னும் கிட்டே வந்தார்.

"முழிச்சுத்தான் இருந்தேன்" என்றார் அவர். "வெளிச்சம் தெரியல, கண்ணத் திறக்க வரல. சுண்டுவிரல அசைக்கப் பாத்தேன், முடியல. கத்தணும்னு பாத்தேன். நான் செத்துட்டேன், இவங்களுக்கு இன்னும் தெரியலன்னு நெனச்சேன். அப்பத்தான் சண்டை கேட்டுது."

"என்ன சண்டை?" ஐவியின் குரல் மெதுவாக வந்தது. "உங்களுக்கு நெனவிருக்கற மாதிரியே சொல்லுங்க."

"இந்தப் பொண்ணு சொல்லுச்சு, யாரோ மருந்து குடுத்துட்டாங்க, வந்ததுமே உங்ககிட்ட சொன்னேன், இவரால மூச்சு விட முடியாதுன்னு. எனக்கு ஒரே சந்தோஷம், ஒருத்திக்காவது தெரிஞ்சிருக்கேன்னு. ஆமா ஆமான்னு உள்ளுக்குள்ள கத்தறேன். இன்னொரு அம்மா, அந்தாளு பேர எடுக்காதன்னு சத்தம் போட்டாங்க."

பக்கத்துக் கட்டிலில் யாரோ இருமினார்கள். கர்ட் கட்டிலின் கால்மாட்டுக் கம்பியைப் பிடித்துக்கொண்டார். ரோண்டாவின் முகத்திலிருந்த நிறமெல்லாம் போய்விட்டது. எனக்கு அவரைப் பார்க்கப் பிடிக்கவில்லை, ஆனால் பார்த்தேன். அவர் ஒரு அடி முன்னால் வந்தார்.

"அது நான்தான்" என்றார்.

சிமன்ஸ்கி அவரை நிதானமாகப் பார்த்தார். கோபப்படவில்லை. உண்மையிலேயே புரியாமல் கேட்டார்: "சொன்னாளே. எனக்கே கேட்டுச்சே. உங்களுக்கு ஏம்மா கேக்கல?"

ரோண்டா கர்ட்டின் பக்கம் திரும்பினார்.

"எவ்வளவு குடுத்த?"

"முப்பது" என்றார் கர்ட்.

இரண்டு வருடத்தில் அவர்கள் நேருக்கு நேர் பேசிய முதல் பேச்சு. மொத்தமே மூன்று சொல். அந்த மூன்று சொல்லைக் காலையில் அந்தக் கதவோரம் பேசியிருந்தால், இந்த மனிதர் உயிரோடு இருக்கும்போதே தன் சாவைப் படுத்துக்கிடந்து கேட்டிருக்க வேண்டாம். எனக்கு இரண்டு பேரையும் பிடித்து உலுக்க வேண்டும்போல் இருந்தது. பனிக்கட்டிக் குவளையை அவர்கள் தலையில் கவிழ்க்க வேண்டும்போல் இருந்தது.

"கோரா, நாளைக்கு வழக்கம்போல வந்துடு" என்றார் ஐவி. பிறகு மற்ற இருவரிடமும், "நீங்க ரெண்டு பேரும் என் அறைக்கு வாங்க" என்றார். அவர்கள் போனார்கள்.

என் இடம் பிழைத்துவிட்டது. சந்தோஷப்பட்டிருக்க வேண்டும். கோபம்தான் கொஞ்சமும் இறங்கவில்லை. அடுத்த நோயாளிக்கு நேரமாகிவிட்டது, மறுபடி அறையைத் தயார் செய்ய வேண்டும். கிளம்பலாம் என்று விரலை இழுத்தேன். சிமன்ஸ்கி விடவில்லை.

"கொஞ்ச நேரம் இரும்மா."

"வலிக்குதா?"

"வலியில்ல." அவர் இன்னொரு கையைப் போர்வைக்கு மேலே எடுத்து வைத்தார். விரல்களை மடக்கினார், விரித்தார், மறுபடி மடக்கினார். "அசையுதான்னு பாத்துக்கிட்டே இரு. கண்ண மூடினா பயமா இருக்கு. நான் தூங்கற வரைக்கும் பாரு."

நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தேன்.

"அசையுதுங்க" என்றேன். "நல்லா அசையுது."